26 ரன், 33 பாஸ்: அன்றைக்கும் ஒஹாயோ ஸ்டேட் "சமநிலை"யாகத்தான் ஆடியது

கொலம்பஸ்வாசி:
சீசன் தொடங்க இன்னும் சில வாரம் இருக்கிறது. கை சும்மா இருக்காமல் நேற்று ராத்திரி அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் எங்கள் ஒஹாயோ ஸ்டேட், மிஷிகனோடு ஆடிய 2024 நவம்பர் 30 மேட்சை மறுபடி போட்டுப் பார்த்தேன். "அதுக்கப்புறம் கோப்பையே வாங்கியாச்சே, இன்னும் எதுக்கு அந்த மிஷிகன் மேட்சைப் பார்த்து வயிறெரியணும்" என்று வீட்டில் கேட்டார்கள். பதில் இல்லாததால் சத்தத்தைக் குறைத்துவிட்டுத் தொடர்ந்து பார்த்தேன்.

மறந்தவர்களுக்கு: எங்கள் ஊர், எங்கள் மைதானம், தரவரிசையில் நாங்கள் இரண்டாவது, 10-1 (பத்து வெற்றி, ஒரு தோல்வி). மிஷிகன் 6-5. மூன்று டச்டவுனுக்குக் (பந்தை எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோவது) கிட்டத்தட்ட வித்தியாசம் வரும் என்றுதான் பந்தயக்காரர்கள் கணித்திருந்தார்கள். முடிவு மிஷிகன் 13, நாங்கள் 10. 45 வினாடி மிச்சமிருக்கும்போது ஒரு ஃபீல்ட் கோல் (பந்தைக் கம்பங்களுக்கு நடுவில் உதைத்து எடுக்கும் 3 புள்ளி), கதை முடிந்தது.

இப்போது எங்கள் கணக்கைப் பாருங்கள் (ரன் என்றால் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவது, பாஸ் என்றால் எறிவது). 26 ரன், 33 பாஸ். இந்தத் தாளை மட்டும் யாரிடமாவது காட்டினால் "ரொம்ப அழகான சமநிலை" என்பார்கள். அந்த 26 ரன்னில் கிடைத்தது 77 யார்டு, ரன் ஒன்றுக்கு மூன்றுகூட முழுசாக இல்லை. அதிலும் முக்கால்வாசி நேரம் நேராக நடுவில் போய் முட்டினோம். நடுவில் நின்றது யார்? மிஷிகனின் மேசன் கிரஹாமும் கென்னத் கிரான்ட்டும். ஐந்து மாதம் கழித்து என்எஃப்எல் (தொழில்முறை லீக்) டிராஃப்டில், அதாவது கல்லூரி ஆட்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுப்பதில், ஒருவர் 5-வது, இன்னொருவர் 13-வது. வெளியே எங்கள் பக்கம் பாஸ் பிடிக்க ஜெரமையா ஸ்மித், எமேகா எக்புகா. அவர்களைக் காவல் காக்க வேண்டிய மிஷிகனின் முதல் கார்னர்பேக் வில் ஜான்சன் காயத்தால் ஆடவே இல்லை. சுவரில் முட்டிக்கொண்டே இருந்தோம், பக்கத்தில் கதவு திறந்து கிடந்தது.

ஆகவே என் கட்சி இதுதான். "ரன்னும் பாஸும் சமமாக இருக்க வேண்டும்" என்பது பயிற்சியாளர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் சாஸ்திரம், அவ்வளவுதான். யாராவது மறுத்துச் சொல்லுங்கள்.

நோவைக்காரன்:
மறுப்பதா? நான் அந்த மேட்சை வருஷத்துக்கு நாலு தடவை பார்க்கிறேன் அண்ணா, மனசுக்கு இதமாக இருக்கிறது.

நீங்கள் உங்கள் பக்கத்தை மட்டும் சொல்கிறீர்கள். அன்றைக்கு எங்கள் மிஷிகனின் பாஸ் மொத்தம் 62 யார்டு. எங்கள் குவார்ட்டர்பேக் (பந்தை எறிகிறவர்) இரண்டு இன்டர்செப்ஷன் வேறு கொடுத்தார், அதாவது எறிந்ததை எதிரணி பிடித்துக்கொண்டது. ஆனாலும் ஜெயித்தோம், ஏனென்றால் கலெல் மல்லிங்ஸ் தனியாளாக நூறு யார்டுக்கு மேல் ஓடினார். அதற்கு முந்தைய வருஷம் பென் ஸ்டேட் மைதானத்தில் நடந்ததைச் சொன்னால் இன்னும் நம்ப மாட்டீர்கள். 2023 நவம்பர் 11. முதல் நாள்தான் எங்கள் தலைமைப் பயிற்சியாளர் ஜிம் ஹார்பாவுக்குத் தடை போட்டார்கள், உதவிப் பயிற்சியாளர் ஷெரோன் மூர் பொறுப்பில் நின்றார். இரண்டாவது குவார்ட்டரின் நடுவிலிருந்து மேட்ச் முடியும்வரை கணக்கில் ஏறிய ஆட்டம் 32, அந்த 32-ம் ரன். நடுவில் ஒரே ஒரு தடவை எறிந்தார்கள், அதுவும் எதிரணி ஃபவுல் செய்ததால் கணக்கில் வரவில்லை. எங்கள் குவார்ட்டர்பேக் ஜே.ஜே. மெக்கார்த்தி அன்று எறிந்தது மொத்தமே 8 பாஸ். 24-15 வெற்றி. ஒரு லட்சம் பேர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், என்ன வரப்போகிறது என்று ஒவ்வொருவருக்கும் தெரியும், அப்படியும் யாராலும் நிறுத்த முடியவில்லை. சொல்லி அடிப்பது என்றால் அதுதான்.

அந்த 8 பாஸ் எறிந்தவரைத்தான் அடுத்த டிராஃப்டில் மின்னசோட்டா 10-வது ஆளாக எடுத்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புதுப்பார்வை:
நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். நான் இந்த ஆட்டத்தைப் பார்க்க ஆரம்பித்து ஒரு சீசன்தான் ஆகிறது, பல்கலைக்கழகத்தில் படிக்க வந்த இடத்தில் தொற்றிக்கொண்டது. 4 முயற்சிக்குள் 10 யார்டு போக வேண்டும் என்பது புரிகிறது. எறிந்தால் 10 யார்டு, 15 யார்டு ஒரே தடவையில் கிடைக்கிறது. ஓடினால் 3, 4. அப்படியிருக்க எதற்கு ஓட வேண்டும்? நிஜமாகவே தெரியாமல்தான் கேட்கிறேன்.

லைன்மேன் அப்பா:
நல்ல கேள்வி தம்பி. இந்த ஊர்க்காரர்கள் நூறு வருஷத்துக்கு மேலாகச் சண்டை போடுவதும் இதற்காகத்தான். எறிவதே 1906-ல்தான் சட்டப்படி அனுமதிக்கப்பட்டது, அதற்கு முன்னால் வெறும் தள்ளுமுள்ளு.

டிஃபென்ஸில் 11 பேர். பந்து கிளம்பும் இடத்தைச் சுற்றி ஒரு பெட்டி வரைந்ததாக நினைத்துக்கொள்ளுங்கள், அதைத்தான் பாக்ஸ் என்கிறார்கள். நம் பக்கம் தடுப்பதற்கு லைன்மேன் 5 பேர், ஒரு டைட் எண்டையும் (லைனின் ஓரத்தில் நிற்பவர்) சேர்த்தால் 6. பாக்ஸில் அவர்கள் 6 பேர் நின்றால் ஆளுக்கு ஆள் சரியாகப் போய்விடும், ரன்னிங்பேக் நாலைந்து யார்டு நிச்சயம் ஓடுவான். 8 பேர் நின்றால் இரண்டு பேரைத் தடுக்க நம்மிடம் ஆளே இல்லை, அந்த இரண்டு பேர் ஓடி வந்து அவனைக் கட்டிப்பிடித்துச் சாய்ப்பார்கள். ஆனால் 8 பேர் உள்ளே வந்தால் வெளியே மிச்சம் 3 பேர்தானே, அப்போது எறிந்தால் கொண்டாட்டம். ஓட்டம் எதற்கு என்றால் அந்த எட்டாவது ஆளை உள்ளே இழுப்பதற்கு. எறிவது அவனைத் திரும்ப வெளியே அனுப்புவதற்கு.

கிரிக்கெட்டில் ஸ்லோ பால் மாதிரி. ஆறு பந்தும் ஸ்லோ பால் போட்டால் அடித்துத் துவைப்பான். வேகமாகவும் போடுவான் என்ற பயம் இருக்கும்வரைதான் அதற்கு மரியாதை.

கொலம்பஸ்வாசி:
அப்பா சொன்னதுதான் என் கட்சியும். எட்டாவது ஆள் வெளியே நிற்கும்போது ஓடு, உள்ளே வந்தால் எறி. இதில் "சமம்" எங்கே வருகிறது?

கணக்குப்பிள்ளை:
மேலே காட்டிய 26-33 கணக்கை வைத்து யாரும் எந்த முடிவுக்கும் வர வேண்டாம் என்பது என் வேண்டுகோள். இரண்டு காரணம்.

முதலாவது, கல்லூரி ஆட்டத்தில் குவார்ட்டர்பேக் எறிய நின்று அடிபட்டு விழுந்தால், அதாவது சாக் ஆனால், அது ரன் கணக்கில் எழுதப்படுகிறது. என்எஃப்எல்-லில் பாஸ் கணக்கில் கழிப்பார்கள், இங்கே ரன் கணக்கில் கழிப்பார்கள். ஏன் என்று கேட்காதீர்கள், காலங்காலமாக அப்படித்தான். 1996 ஜனவரி 2, ஃபியஸ்டா போல் (சீசன் முடிவில் நடக்கும் பெரிய மேட்ச்), நெப்ராஸ்கா - ஃப்ளோரிடா. நெப்ராஸ்கா ரன்னில் 524 யார்டு. ஃப்ளோரிடா ரன்னில் மைனஸ் 28. ஆமாம், மைனஸ். 28 யார்டு பின்னால் ஓடிய ரன்னிங்பேக் யாரும் கிடையாது, எறியப் போய்ச் சாய்ந்ததெல்லாம் அதில் சேர்ந்திருக்கிறது. 62-24 தோல்வி. அந்த ஃப்ளோரிடா, ஸ்டீவ் ஸ்பரியரின் அணி, அந்த வருஷம் நாட்டிலேயே அழகாக எறிந்த அணிகளில் ஒன்று.

இரண்டாவது, ஜெயிக்கிற அணி கடைசியில் ஓடிக்கொண்டே இருக்கும், கடிகாரம் ஓட வேண்டுமே (பாஸ் தவறினால் அது நின்றுவிடும்). தோற்கிற அணி எறிந்துகொண்டே இருக்கும். மேட்ச் முடிந்து தாளைப் பார்த்தால் "40 தடவை ஓடிய அணிகள்தான் ஜெயிக்கின்றன" என்று தோன்றும். ஓடியதால் ஜெயித்ததா, ஜெயித்துக்கொண்டிருந்ததால் ஓடியதா? குடை பிடித்தவர்கள் எல்லாரும் சேர்ந்து மழையை வரவழைத்தார்கள் என்கிற மாதிரியான வாதம் அது. 2023-லிருந்து ஃபர்ஸ்ட் டவுன் (10 யார்டு கடந்து புதிதாக 4 முயற்சி) எடுத்தாலும் கடிகாரத்தை நிறுத்துவதில்லை, ஒவ்வொரு பாதியின் கடைசி இரண்டு நிமிஷம் தவிர. ஆகவே முன்னணியில் இருப்பவனுக்கு ஓடுவதில் லாபம் இன்னும் கூடிவிட்டது.

சமநிலையைப் பார்க்க வேண்டுமானால் முதல் மூன்று குவார்ட்டரில், ஸ்கோர் நெருக்கமாக இருக்கும்போது, முதல் டவுனில், அதாவது முதல் முயற்சியில், என்ன செய்தார்கள் என்று பாருங்கள். மற்றதெல்லாம் சூழ்நிலை தீர்மானித்தது.

லைன்மேன் அப்பா:
கணக்குப்பிள்ளை சொல்வது கணக்கில் சரி. ஆனால் உடம்பு என்று ஒன்று இருக்கிறதே ஐயா.

என் மகன் ஹைஸ்கூல் டீமில் ரைட் கார்டு, லைன்மேன்களில் ஒருவன். 265 பவுண்டு, வீட்டில் தோசைக்கல் ஆறுவதே இல்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி மேட்ச் முடிந்து காரில் ஏறினதும் அவன் முகத்தைப் பார்த்தாலே தெரியும் அன்றைக்கு எத்தனை பாஸ், எத்தனை ரன் என்று. பாஸுக்குத் தடுப்பது என்றால் பின்னால் பின்னால் நகர்ந்துகொண்டே, எதிரே ஓடி வருகிறவன் எந்தப் பக்கம் திரும்புவான் என்று தெரியாமல், கையை நீட்டி அவனைத் தாங்க வேண்டும். அடி வாங்குகிறவன் இவன். ரன்னுக்கு என்றால் இவன்தான் முதலில் கிளம்புகிறான், குனிந்து, எதிராளியின் விலாவுக்குக் கீழே தோளைக் கொடுத்துத் தூக்குகிறான். அடி கொடுக்கிறவன் இவன். போன வருஷம் ஒரு மேட்சில் முதல் பாதி முழுக்க எறிந்தே பார்த்தார்கள், பையன்கள் துவண்டுவிட்டார்கள். இரண்டாம் பாதியில் பயிற்சியாளர் ஒரே ஆட்டத்தைத் திருப்பித் திருப்பி, கார்டு வலது பக்கமாக இழுத்து ஓடும் ஆட்டம், ஒன்பது தடவை கூப்பிட்டார். முதல் மூன்று தடவை ஒன்றும் கிடைக்கவில்லை. ஆறாவது தடவை எதிரே நின்ற பையன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு மூச்சு வாங்குவதை நான் கேலரியிலிருந்தே பார்த்தேன். எட்டாவது தடவை 30 யார்டு.

முதல் மூன்றும் தாளில் 1, 2, 0 என்றுதான் இருக்கும். எட்டாவதின் விதை அதில்தான் இருந்தது. அதைத் தாள் சொல்லாது.

கணக்குப்பிள்ளை:
சொல்கிறீர்கள், மறுக்க மாட்டேன். ஆனால் எட்டாவதும் 0 ஆன மேட்சுகள் உங்கள் ஞாபகத்தில் நிற்காது என்பதையும் சொல்லிவைக்கிறேன். நவம்பர் 30-ல் கொலம்பஸ்காரர்கள் 26 தடவை முட்டினார்களே, கிரஹாம் இடுப்பில் கை வைத்தாரா?

லைன்மேன் அப்பா:
சரி, அது ஒரு அடி. வாங்கிக்கொள்கிறேன்.

பேட்டன்ரூஜ் பாண்டி:
எல்லாரும் வடக்கே மட்டுமே சுற்றுகிறீர்கள், எங்கள் தெற்கத்திக் கதையும் கேளுங்கள். 2012 ஜனவரி 9, நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோம். எங்கள் எல்எஸ்யூ (லூசியானா ஸ்டேட்) 13-0, எதிரே அலபாமா, நவம்பரில் அவர்கள் ஊரிலேயே 9-6 என்று ஓவர்டைமில் ஜெயித்துவிட்டு வந்திருக்கிறோம். எங்கள் மாநிலம், எங்கள் ஜனம். மேட்ச் முழுக்க எங்கள் ஆஃபென்ஸ் எடுத்தது 92 யார்டு. பாதி மைதானக் கோட்டை ஒரே ஒரு தடவைதான் தாண்டினோம். 21-0. அந்த அணியில் பாஸ் பிடிக்க ஓடெல் பெக்கம் ஜூனியர் இருந்தார், ரூபன் ராண்டில் இருந்தார். பந்து அவர்களிடம் போனால்தானே. எறியத் தைரியமும் இல்லை, எறிந்தால் போய்ச் சேரும் என்ற நம்பிக்கையும் இல்லை, அது அலபாமாவுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அப்புறம் 2015. லெனர்ட் ஃபோர்னெட், அந்த சீசனில் மட்டும் 1,953 யார்டு ஓடிய ஆள், நான் பார்த்த கல்லூரி ரன்னிங்பேக்குகளில் அந்த மாதிரி உடம்பும் வேகமும் சேர்ந்து யாரிடமும் பார்த்ததில்லை. அலபாமா அவரை 19 ஓட்டத்தில் 31 யார்டுக்குக் கட்டிப்போட்டது. எட்டு பேர், சில சமயம் ஒன்பது பேர் பாக்ஸில். என்ன செய்துவிடுவாய் என்று கேட்கிற மாதிரி நின்றார்கள். ஒன்றும் செய்ய முடியவில்லை. அடுத்த வருஷம் செப்டம்பரில் எங்கள் பயிற்சியாளர் லெஸ் மைல்ஸ் வேலையும் போனது.

அதே சூப்பர்டோம், 2020 ஜனவரி 13. எங்கள் குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோ 463 யார்டு, 5 டச்டவுன் பாஸ், ஓடி ஒன்று. கிளெம்சனை 42-25. அந்த சீசனில் மொத்தம் 60 டச்டவுன் பாஸ். எல்லாரும் அதைத்தான் பேசுவார்கள். ஆனால் பர்ரோவுக்குப் பக்கத்தில் நின்ற கிளைட் எட்வர்ட்ஸ்-ஹெலேர் அதே சீசனில் 1,414 யார்டு ஓடினார், அதோடு 55 பாஸ் பிடித்தார், அதை யாரும் சொல்வதில்லை. எட்டாவது ஆளை உள்ளே கொண்டுவந்தால் பர்ரோ, வெளியே வைத்தால் கிளைட். டிஃபென்ஸ் என்ன பாவம் செய்ததோ.

(பர்ரோ எங்கிருந்து வந்தார் என்று கொலம்பஸ்வாசி அண்ணனிடம் கேட்காதீர்கள்.)

கொலம்பஸ்வாசி:
கேட்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டே எரிகிற இடத்தில் மிளகாய்த்தூள் தூவுகிறீர்கள். ஆமாம், எங்களிடம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்தான்.

பேட்டன்ரூஜ் பாண்டி:
இன்னொன்றையும் நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கணக்குப்பிள்ளை சொல்வார். 2013-ல் எங்களிடம் 3,000 யார்டுக்கு மேல் எறிந்த குவார்ட்டர்பேக், ஆயிரம் யார்டு ஓடியவர் ஒருவர், ஆயிரம் யார்டு பிடித்தவர்கள் இரண்டு பேர், ஜார்விஸ் லாண்ட்ரியும் பெக்கமும். எஸ்இசி (எங்கள் தெற்கத்தி அணிகளின் லீக்) வரலாற்றில் அதற்குமுன் எந்த அணியிலும் அப்படி அமைந்ததில்லை. தராசில் வைத்தால் முள் ஆடாத சமநிலை. அந்த வருஷம் மூன்று மேட்ச் தோற்றோம், அதில் ஜார்ஜியாவிடம் 41 எடுத்துவிட்டு 44-41 என்று தோற்றது ஒன்று. டிஃபென்ஸ் ஓட்டைப் பானை என்றால் மேலே எத்தனை குடம் ஊற்றி என்ன.

அட்லாண்டா அக்கா:
நான் ஜார்ஜியா டெக்கில் படித்தவள், பால் ஜான்சன் பயிற்சியாளராக இருந்த காலத்தில். எங்களைக் கேட்காமல் இந்த விவாதம் முடியாது.

எங்கள் அணி ட்ரிபிள் ஆப்ஷன். பாஸ் என்பது மேட்சுக்குப் பத்துப் பதினைந்து தடவை, அவ்வளவுதான். எல்லாரும் "காலாவதியான ஆட்டம், பார்க்கவே அலுப்பு" என்பார்கள். மைதானத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் அழகு தெரியும். ஒவ்வொரு ஸ்னாப்பிலும் (ஆட்டம் கிளம்பும் தருணம்) பந்து மூன்று பேரில் யாரிடம் போகும் என்பதை டிஃபென்ஸின் ஆட்களே தீர்மானிக்க வைப்பார்கள். கடைசியில் நிற்கும் டிஃபெண்டரைத் தடுக்கவே மாட்டார்கள். அவன் உள்ளே பாய்ந்தால் பந்து வெளியே போகும், வெளியே நின்றால் உள்ளே போகும். அவன் எதைச் செய்தாலும் தப்பு. கல்லூரி மைதானத்தில் இரண்டு ஹாஷ் கோட்டுக்கும் (பந்தை வைக்கும் எல்லைகள்) இடைவெளி 40 அடி, என்எஃப்எல்-லில் 18 அடி சொச்சம்தான். பந்து ஒரு பக்க ஹாஷ் கோட்டில் இருந்தால் இன்னொரு பக்கம் வயல் மாதிரி விரிந்து கிடக்கும், ஆப்ஷன் ஓட அதைவிட வேறென்ன வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 2009-ல் டெமரியஸ் தாமஸ் எங்களுக்காகப் பிடித்தது 46 பாஸ்தான். அதில் கிடைத்த யார்டு 1,154. வகுத்துப் பாருங்கள், பாஸ் ஒன்றுக்கு 25 யார்டு. எப்படி? பதினைந்து தடவை தொடர்ந்து ஓட்டத்தைத் தடுத்துத் தடுத்து, சேஃப்டி (பின்னால் காவல் நிற்பவன்) மனசளவில் லைன்பேக்கராகவே (முன்னால் நின்று ஓட்டத்தைத் தடுப்பவன்) ஆகிவிடுவான். பதினாறாவது தடவை அவன் காலடி முன்னால் விழும்போது தாமஸ் அவனைத் தாண்டி ஓடிக்கொண்டிருப்பார். நான் நின்ற மூலையிலிருந்து அந்த சேஃப்டியின் முதுகெண் வரை பார்த்திருக்கிறேன், திரும்பி ஓட ஆரம்பிக்கும்போதே அவனுக்குத் தெரியும் பயனில்லை என்று. எண்ணிக்கையில் ஐந்தில் ஒன்றுகூட பாஸ் இல்லை. ஆனால் அந்த ஒன்றுக்கு அவ்வளவு பயம். இதைச் சமநிலை இல்லை என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வருவேன்.

லபக் காற்று:
அக்காவுக்கு வணக்கம். நீங்கள் ஒரு கோடி, நான் மறு கோடி. டெக்ஸஸ் டெக், பயிற்சியாளர் மைக் லீச்சின் ஏர் ரெய்டு (எறிந்தே ஆடும் முறை) பார்த்து வளர்ந்த கூட்டம்.

லீச் சொன்ன விளக்கம்தான் எனக்கு இன்றுவரை சரியாகப் படுகிறது. ரன் பாதி, பாஸ் பாதி என்பதை அவர் சமநிலையாகவே ஏற்றதில்லை. பந்தைத் தொடக்கூடிய எல்லா இடங்களுக்கும், வலது ரிசீவர், இடது ரிசீவர், உள்ளே நிற்பவர், ரன்னிங்பேக், எல்லாருக்கும் பந்து போய்ச் சேர்ந்து எல்லாரும் பங்களிக்கிறார்களா என்பதுதான் அவர் பார்த்தது. அவர் ரன்னிங்பேக்குகள் எத்தனை பாஸ் பிடித்தார்கள் என்று பாருங்கள். நாலு யார்டு குட்டி பாஸை ஓரமாகத் தட்டிவிட்டால் அதுவும் ஒரு ரன்தானே, கையில் கொடுப்பதற்குப் பதிலாகக் காற்றில் கொடுக்கிறோம்.

அட்லாண்டா அக்கா:
ஒத்துக்கொள்கிறேன் தம்பி. ஆனால் 1 யார்டு தேவைப்படும்போது?

லபக் காற்று:
அங்கேதான் தொண்டையில் முள். 2014-ல் லீச் வாஷிங்டன் ஸ்டேட்டில் இருந்தபோது கலிஃபோர்னியாவோடு ஒரு மேட்ச். கானர் ஹாலிடே 734 யார்டு எறிந்தார், அதற்குமுன் பெரிய கல்லூரி அணிகளில் யாரும் ஒரே மேட்சில் அவ்வளவு எறிந்ததில்லை. தோல்வி, 60-59. கடைசியில் கோல் கோட்டுக்கு மூக்கு முட்டும் தூரம்வரை போய், டச்டவுன் கிடைக்காமல், 19 யார்டு ஃபீல்ட் கோலுக்கு நின்றார்கள், அதுவும் தவறியது. 734 யார்டு கொடுத்த ஆளுக்கு அந்தக் கடைசி நாலைந்து அடி கிடைக்கவில்லை. மைதானம் சுருங்கச் சுருங்க எறிய இடமும் சுருங்கும், அங்கே தோள் கொடுத்துத் தள்ளத்தான் வேண்டும். லைன்மேன் அப்பா சிரிப்பது கேட்கிறது.

லைன்மேன் அப்பா:
சிரிக்கவில்லை. தோசை மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். இப்போது சிரிக்கிறேன்.

புதுப்பார்வை:
எல்லாருக்கும் நன்றி, பாதி புரிந்தது. டிவியில் ஒரு விஷயம் குழப்புகிறது. குவார்ட்டர்பேக் பந்தைக் கையில் கொடுக்கிற மாதிரி போய், கொடுக்காமல் எடுத்து எறிகிறார். சில சமயம் கொடுத்தும் விடுகிறார். இது ரன்னா பாஸா? யார் முடிவு செய்கிறார்கள்?

கணக்குப்பிள்ளை:
இரண்டு வகை இருக்கிறது. முன்கூட்டியே "எறியத்தான் போகிறோம், கொடுக்கிற மாதிரி நடி" என்று போனால் ப்ளே ஆக்ஷன். இன்னொன்று ஆர்பிஓ (ரன்-பாஸ் ஆப்ஷன்), அதில் யாருக்குமே முன்னால் தெரியாது. பந்தை ரன்னிங்பேக் வயிற்றில் வைத்துக்கொண்டே குவார்ட்டர்பேக் ஒரே ஒரு லைன்பேக்கரைப் பார்ப்பார். அவன் ஓட்டத்தைத் தடுக்க இரண்டடி முன்னால் வந்தால், பந்தை உருவி அவன் விட்டுவந்த இடத்துக்கே எறிவார். நின்ற இடத்தில் நின்றால் கையை எடுத்துவிடுவார், ரன்னிங்பேக் ஓடுவான். எல்லாம் ஒரு நொடிக்குள். லைன்மேன்கள் ரன் என்றே நினைத்து முன்னால் போய்க்கொண்டிருப்பார்கள். எறிவதற்கு முன் லைன்மேன் முன்னே போகக் கல்லூரி விதியில் 3 யார்டுவரை இடம் உண்டு, என்எஃப்எல்-லில் 1 யார்டுதான். அதனால்தான் இது கல்லூரியில் இவ்வளவு செழித்தது.

ஆகவே பயிற்சியாளர் எத்தனை ரன் கூப்பிட்டார், எத்தனை பாஸ் கூப்பிட்டார் என்ற கேள்விக்கே இன்றைக்குப் பாதி நேரம் பதில் கிடையாது. அவர் கூப்பிட்டது ஒன்று, அது எதுவாக மாறியது என்பதை எதிரணி லைன்பேக்கரின் கால் முடிவு செய்தது.

நோவைக்காரன்:
எங்கள் 32 ரன் பற்றி இன்னும் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லையே, பயந்துவிட்டீர்களா?

பேட்டன்ரூஜ் பாண்டி:
சொல்கிறேன் கேளுங்கள். அன்றைக்கு பென் ஸ்டேட்டின் பலமே குவார்ட்டர்பேக்கை ஓரத்திலிருந்து வேட்டையாடுகிற சாப் ராபின்சன் மாதிரி ஆட்கள். எறிய நின்றால்தானே வேட்டை. நின்று கொடுக்கவே இல்லை, அது புத்திசாலித்தனம். ஆனால் அதே அணி ஏழு வாரம் கழித்து ரோஸ் போலில் அலபாமாவிடம் கடைசி ஐந்து நிமிஷத்தில் 20-13 பின்தங்கி நின்றபோது என்ன செய்தது? நாலாவது டவுன், 2 யார்டு தேவை, சொந்தப் பாதியில். தோற்றால் சீசனே போச்சு. ஊரே ரன்னிங்பேக் பிளேக் கோரம் ஓடுவார் என்று காத்திருந்தது. கோரமிடம்தான் பந்து போனது, ஆனால் பாஸாக, ஓரத்தில். அப்புறம் ரோமன் வில்சனுக்கு டச்டவுன் பாஸ். ஓவர்டைமில்தான் கோரம் 17 யார்டு ஓடி முடித்தார். அந்த மேட்சில் மெக்கார்த்தி 3 டச்டவுன் பாஸ். எறியத் தெரியாத அணி 32 தடவை ஓடவில்லை அண்ணா. எறியத் தெரிந்த அணி ஓடியது. எங்கள் 2011 எல்எஸ்யூவுக்கும் உங்கள் 2023 மிஷிகனுக்கும் நடுவில் உள்ள தூரம் அதுதான்.

நோவைக்காரன்:
இதை மறுக்க ஆசையாக இருக்கிறது, ஆனால் அந்த நாலாவது டவுனில் நான் சோபாவுக்குப் பின்னால் நின்றுகொண்டு கண்ணை மூடியிருந்தேன்.

கொலம்பஸ்வாசி:
இப்போது என் சந்தேகத்தைச் சொல்கிறேன். நவம்பர் 30-ல் எங்களுக்கு லைனில் இடது டாக்கிள் ஜாஷ் சிம்மன்ஸ் இல்லை, சென்டர் செத் மெக்லாஃப்லின் இல்லை, இரண்டு பேருக்கும் காயம். ஓட்டைபட்ட லைனை வைத்துக்கொண்டு நடுவில் முட்டியதற்குக் கணக்கு காரணமாக இருந்திருக்காது, கௌரவம்தான் காரணம் என்பது என் ஊகம். "ஒஹாயோ ஸ்டேட் மென்மையான அணி, மிஷிகன் மாதிரி முரட்டுத்தனம் இல்லை" என்று மூன்று வருஷமாகக் கேட்டுக் கேட்டு எங்கள் பயிற்சியாளர் ரயன் டேக்குக் காது புளித்துப்போயிருக்கும். முரட்டுத்தனத்தை நிரூபிக்கத்தான் அந்த ஓட்டம். எதிரணியோடு ஆடுவதை விட்டுவிட்டு ஊர் வாயோடு ஆடினோம்.

இது எங்கள் பரம்பரை வியாதியோ என்னவோ. "பாஸ் எறிந்தால் மூன்று விஷயம் நடக்கலாம், அதில் இரண்டு கெட்டது" (நம் ஆள் பிடிக்கலாம், கீழே விழலாம், எதிரணி பிடிக்கலாம்) என்ற பழமொழியை டெக்ஸஸின் டாரல் ராயல் பெயரிலும் சொல்வார்கள், எங்கள் பழைய பயிற்சியாளர் வுடி ஹேஸ் பெயரிலும் சொல்வார்கள். மூன்று யார்டு, ஒரு புழுதிப் படலம், அதுதான் ஹேஸின் ஆட்டம்.

கணக்குப்பிள்ளை:
1978 கேட்டர் போலில் ஹேஸின் அணி பாஸ் எறிந்தது, கிளெம்சன்காரர் அதைப் பிடித்தார், ஹேஸ் அவரைக் குத்தினார், மறுநாள் வேலை போனது. மூன்று விஷயம் என்றாரே, நாலாவது ஒன்றும் இருக்கிறது.

அட்லாண்டா அக்கா:
காபி மூக்கில் ஏறிவிட்டது, நன்றி.

கொலம்பஸ்வாசி:
அடங்க மாட்டீர்களே.

சரி, என் முதல் பதிவில் "வெறும் சாஸ்திரம்" என்று எழுதியதைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். பிளேஆஃபில் (கோப்பைக்கான கடைசிச் சுற்றுகளில்) என்ன மாறியது என்று யோசித்துப் பாருங்கள். டென்னஸி 42-17. ஓரிகன், ரோஸ் போல், ஒரு கட்டத்தில் 34-0, ஸ்மித் 187 யார்டு. நவம்பர் 30-ல் ஆடிய அதே ஆட்கள்தான், அதே அடிபட்ட லைன்தான், டானவன் ஜாக்சன் கார்டு இடத்திலிருந்து நகர்ந்து இடது டாக்கிளில் நின்றார். முதலில் எறிந்தோம். எட்டாவது ஆள் பயந்து வெளியே போனார். அப்புறம் ஓடினோம். நாட்டர் டேமோடு இறுதி ஆட்டத்தில் குவின்ஷான் ஜட்கின்ஸ் நூறு யார்டு ஓடினார், எங்கள் குவார்ட்டர்பேக் வில் ஹவர்ட் முதல் 13 பாஸையும் தவறாமல் சேர்த்தார். எங்கள் ரன்னிங்பேக்குகள் ஹென்டர்சன், ஜட்கின்ஸ் இரண்டு பேருமே அந்த சீசனில் ஆளுக்கு ஆயிரம் யார்டு தாண்டினார்கள். ஓட்டத்தைக் கைவிடவில்லை, வரிசையைத்தான் மாற்றினோம்.

கடைசி மூன்று நிமிஷம். 31-23 முன்னணி. மூன்றாவது டவுன், 11 யார்டு தேவை. லைன்மேன் அப்பாவின் பயிற்சியாளரானால் ஓடியிருப்பார், கடிகாரத்தைத் தின்றுவிட்டு பண்ட் அடித்திருப்பார் (பந்தை எதிரணிக்குத் தூரமாக உதைத்துவிடுவது). யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நாட்டர் டேம் ஸ்மித்துக்கு எதிரே தனியாக ஒருவரை நிறுத்தியது. எங்கள் ஆஃபென்ஸ் பயிற்சியாளர் சிப் கெல்லி ஆழமாக எறியக் கூப்பிட்டார், 56 யார்டு. அதோடு முடிந்தது. அதிலிருந்து கிடைத்த ஃபீல்ட் கோலை அடித்தவர் ஜெய்டன் ஃபீல்டிங், நவம்பர் 30-ல் இரண்டைத் தவறவிட்ட அதே ஆள்.

அந்த மூன்றாவது டவுனை நேற்று ராத்திரி மிஷிகன் மேட்ச் முடிந்த கையோடு போட்டுப் பார்த்தேன். ஒன்றரை மாத இடைவெளி, ஒரே பயிற்சியாளர், ஒரே அணி. இந்தத் துணிச்சல் அன்றைக்கு எங்கே போயிருந்தது என்றுதான் தூக்கம் வரவில்லை.

நோவைக்காரன்:
எங்கே போயிருந்ததோ, போயிருந்ததற்கு என் நன்றி. இந்த நவம்பரிலும் நடுவிலேயே ஓடுங்கள் அண்ணா, உங்களுக்காக ஒரு தேங்காய் உடைக்கிறேன்.